ஏட்டில் எழுதிய முப்பது

விடியற்காலை ஐந்தரை. ஈஸ்வரி சர்க்கரைப்பாகு டிரம்மை மூன்றாம் தொட்டிமேல் சாய்த்துப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். பிசுக்கு முழங்கைவரை ஏறியது. கண்ணில் வியர்வை எரிந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவள் வேலை செய்யும் ஆலையின் தொட்டிகளில் ஈஸ்ட் வளர்கிறது. அது தரும் நொதி, அதாவது என்சைம், பிஸ்கட் கம்பெனிகளுக்குப் போகிறது. முப்பது டிகிரியில் நன்றாகச் சுரக்கும். முப்பத்தைந்தைத் தாண்டினால் ஈஸ்ட் சாகாது, நொதிதான் வற்றிவிடும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த, குளிர்நீர் இயந்திரத்தை இரண்டு மாதமாகப் பாதி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். தொட்டியின் வெப்ப மீட்டர் முப்பத்தாறு காட்டியது. சூப்பர்வைசர் சொன்னபடி, ஏட்டில் எல்லோரும் முப்பது என்றே எழுதினார்கள். ஈஸ்வரியும், அவளோடு இரவு ஷிப்டில் இருந்த பத்துப் பேரும்தான்.

ஏழு மணிக்கு முதலாளி பாக்கியநாதன் லேப் ரிப்போர்ட்டுடன் வந்தார்.

"நொதி பாதிகூட இல்ல. மூணாம் தொட்டிக்குப் பாகு ஊத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"சீக்கிரம் ஊட்டுக்குப் போவணும்னு மொத்தமா கொட்டிட்டியா?"

"மொத்தமா கொட்டினா கள்ளு வாடை வரும் சார், மோந்து பாருங்க. இது சூடு. முப்பத்தாறு ஓடுது."

அவர் ஏட்டைப் பிரித்து நீட்டினார்.

"இது யார் கையெழுத்து? முப்பது, முப்பது, முப்பது. எங்கேம்மா சூடு? நாளையிலேர்ந்து வராத."

அவள் எழுத்துதான்.

"அந்த முப்பது பொய் சார்" என்றார் முதல் தொட்டியைப் பார்க்கும் தணிகாசலம். "நானும்தான் எழுதினேன்."

"அப்ப நீயும் கிளம்பு."

"எல்லாரையும் தொரத்திட்டு நீங்களே பாகு ஊத்துவீங்களா சார்? பேண்ட்டெல்லாம் ஒட்டிக்கும்" என்றாள் பக்கத்துத் தொட்டி ஜெபா. யாரோ சிரித்தார்கள்.

"அரை மணியில ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளியே இருக்கணும்." அவர் அறைக்குப் போனார்.

"நீ ஏண்ணா வாயக் குடுத்த?" என்றாள் ஈஸ்வரி. "பொண்ணு காலேஜுல படிக்குதே."

"எழுதச் சொன்னப்ப ஒருத்தராச்சும் முடியாதுன்னு சொன்னமா? பதினோரு பேரு பண்ண தப்புக்கு நீ மட்டும் இன்னாத்துக்குப் போவணும்?"

ஏழரை மணி அளவீட்டை ஜெபா உரக்கப் படித்தாள். ஈஸ்வரி ஏட்டில் முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பேனா கைமாறியது. கட்டத்தில் இடம் போதாமல் பதினோரு கையெழுத்துகளும் ஓரம்வரை வழிந்தன.

காவலாளியோடு திரும்பி வந்த முதலாளி அந்தத் தாளைக் கிழித்தார்.

"கிழிங்க சார்" என்றார் தணிகாசலம். "மீட்டரு இன்னும் முப்பத்தாறுதான் காட்டுது. அடுத்த தாள்லயும் அதான் எழுதுவோம்."

காவலாளி ஈஸ்வரியை நோக்கி வந்தான். ஒன்பது பேர் நகர்ந்து, அவளையும் தணிகாசலத்தையும் நடுவில் விட்டுச் சுற்றி நின்றார்கள்.

எட்டு மணி ஷிப்டுக்காரர்கள் கேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்து ஜெபா வேலிக்கு ஓடினாள். "இன்னா ஜெபா, இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். அவள் கம்பிவேலி வழியாக நடந்ததைச் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வருகைப்பதிவு இயந்திரம் வாசலில் மின்னிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதில் விரல் வைக்கவில்லை.