சுவரில் மிச்சமிருந்த சத்தம்

மத்தியான நேரத்தில் சட்டைகளில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா கூப்பிடுவாள். "சின்னவளே, கதவைத் திறடி." அக்கா செத்து வெகுநாளாகிவிட்டது என்பது சின்னவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஊசியைப் போட்டுவிட்டு ஓடித் திறப்பாள். சந்து வெறிச்சோடிக் கிடக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் குரல் சுவருக்குள்ளிருந்து வரும்; அவளும் பதில் பேசுவாள்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள். சமுதாயக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் காசு வாங்காமல் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்ல, வேன் ஓட்டும் கணவன் அவளைக் கூட்டிப்போனான்.

"எனக்கென்ன பைத்தியமா, வைத்தியம் பாக்க?" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நானும் இதே வாசல்ல அடம்பிடிச்சு நின்னவதான். உள்ள வாம்மா" என்றாள் நர்ஸ்.

டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். அக்காவின் குரல் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் நின்றேபோனது. அவளுக்குப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது.

ஆனால் சுவரில் வேறொரு சத்தம் மிச்சமிருந்தது. நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டுவது போல. அவள் ஊசியை நிறுத்தினால் அதுவும் நின்றது. "யாரு?" என்று முணுமுணுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் ஓசை வந்தது.

மாத்திரை பலிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சிலநாள் வாயைத் திறக்கவில்லை. பிறகு நர்ஸிடம் கொட்டிவிட்டாள். நர்ஸ் அடுத்த நாளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

"எனக்கும் கேக்குதும்மா."

சின்னவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். தனக்கு மட்டும் கேட்டவரை அது வெறும் வியாதி.

இருவரும் பின்சந்துக்குச் சுற்றிப்போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் பூட்டிய கதவு. மூட்டை தூக்கும் ஒருவனின் வீடு என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஆள் அனுப்பியதும் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து பூட்டைத் திறந்தான். உள்ளே, சுவரில் முதுகை ஒட்டி ஒரு பெண். நகமெல்லாம் வெள்ளை.

"என் தங்கச்சிங்க. திறந்துவிட்டா லாரிக்கு முன்னாடி போய் நிக்கிறா. நான் மூட்டை தூக்கலைன்னா ரெண்டு வயிறும் காயும். என்ன பண்ணச் சொல்றீங்க?"

"உங்களைத் திட்ட வரலண்ணே. வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். இந்தப் பூட்டும் வேண்டாம்" என்றாள் நர்ஸ்.

அந்தப் பெண் காஜாக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேச்சுக் கேட்டுச்சு. திடீர்னு நின்னுபோச்சு. அதான் தட்டினேன்."

"நான் தனியாப் பேசிக்கிட்டிருந்தேம்மா."

"இல்லையே. ரெண்டு பேரு. இன்னொருத்தங்க வரலையா?"

வெயிலில் நின்றும் சின்னவளுக்கு உடம்பு சில்லிட்டது.

சனிக்கிழமை இதை டாக்டரிடம் சொன்னாள். அவர் மழுப்பவில்லை. "பாத்துட்டேன், அந்தப் பொண்ணுக்கும் குரல் கேக்கற வியாதிதான். ஆனா ரெண்டாவது குரல் எப்படின்னு கேட்டா, தெரியலம்மா. நீங்க மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

வெளியே பெஞ்சில் மூட்டைக்காரன் தங்கையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பகலில் இவளை யார் பார்ப்பார்கள் என்று நர்ஸிடம் புலம்பிக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட விடுங்கண்ணே" என்றாள் சின்னவள், தானே எதிர்பாராமல். "பட்டன் தைக்க எனக்கும் ஒரு கை வேணும்."