எண்ணூறு ரூபாய்ப் பச்சைப் புள்ளி

என் மகன் அபிஷேக் பெங்களூரில் வேலை பார்க்கிறான். புது கேம் பெட்டி வாங்கியதும் பழையதை நசரத்பேட்டைக்குக் கொண்டுவந்து எங்கள் டிவியில் மாட்டிவிட்டான். மாதம் எண்ணூறு ரூபாய் சந்தா, நானூற்றுக்கு மேல் விளையாட்டு. பணம் அவன்தான் கட்டுகிறான். "ரிட்டயர் ஆயி மோட்டுவளையப் பாத்துகினு கீறியே நைனா, இத்த ஆடு" என்றான்.

முப்பத்தோரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன் நான். இந்த வயசில் கட்டைவிரலால் கார் ஓட்டச் சொன்னால் ஓடுமா? நானூற்றில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் தினமும் ஏழு மணிக்குப் பெட்டியைப் போட்டுவிடுவேன். திரை ஓரத்தில் அபிஷேக் பெயர் இருக்கும். அங்கே அவன் தன் பெட்டியைப் போட்டால் இங்கே பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். எரிந்தால் பிள்ளை வீடு சேர்ந்துவிட்டான். எனக்கு அது போதும்.

போன் பண்ணலாமே என்பீர்கள். பண்ணிப் பார்த்தவன்தான். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு விரிசல் விட்டதை நாலு நாள் கழித்துத்தான் சொன்னான். அதிலிருந்து சாயங்காலமானால் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு நாளைக்கு நாலு முறை கூப்பிட்டேன். "கூட வேலை செய்றவன்லாம் சிரிக்கறான் நைனா. எதுனா இருந்தா நானே கூப்புடறேன், வுடு" என்று எரிந்து விழுந்தான். எனக்கும் ரோஷம் உண்டு. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

புள்ளி ஏழேகாலுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்கும். ஏழரை தாண்டினால் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். வாசலில் நின்றால் ஹைவேயில் பெங்களூர் பஸ் போகிற சத்தம் கேட்கும். போய் ஏறிவிடலாமா என்று கால் பரபரக்கும். "குட்டி போட்ட பூனையாட்டம் இன்னாத்துக்குய்யா சுத்தற?" என்பாள் என் மனைவி சரசா. புள்ளி எரிந்ததும் "வந்துட்டான்டி" என்பேன். அவளும் தட்டை எடுத்து வைப்பாள்.

இப்படியே எட்டு மாதம் ஓடியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

"நைனா, அந்த கேம் சந்தாவ நிறுத்திடப் போறேன். குடுக்கற காசுக்கு வொர்த் இல்ல."

சந்தா நின்றால் புள்ளியும் போய்விடுமே! "இன்னாடா இப்டி சொல்ற? நான் டெய்லி ஆடறேன்."

"இன்னா ஆடற?"

"கார் ரேஸ்."

"பொய் சொல்லாத. நீ ஒரு நிமிஷம்கூட ஆடலன்னு காட்டுது. டெய்லி போடற, ஒரு மணி நேரம் சும்மா வெச்சிருந்து அணைக்கற. அப்டி இன்னாதான் பண்ற?"

பெற்ற பிள்ளையிடம் திருட்டு முழி முழித்தேன். நல்லவேளை, அவனுக்கு என் முகம் தெரியாது.

"நீ ஊட்டுக்கு வந்துட்டியான்னு பாக்கறேன்டா. உன் பேராண்ட பச்சையா எரியுதே, அத்த."



"நைனா, அது நான் இல்ல. ரூம்ல கூடக் கீறானே தமிழரசு, அவன் என் பேர்ல ஆடுவான். எனக்கு ஆறு மாசமா நைட் ஷிப்ட். ஏழு மணிக்கு நான் பைக்ல ஆபீஸ் போய்கினு இருப்பேன்."

ஆறு மாதம்! அவன் பைக்கில் போகிற அதே நேரத்தில்தான் நான் நிம்மதியாக உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றிருக்கிறேன். எவனோ சோபாவில் கால் நீட்டியதற்கு இங்கே "வந்துட்டான்டி" என்று கூவியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அவன் கேட்டதும் நியாயம்தான்.

"சரி, நிறுத்திடவா?" என்றான் மறுபடி.

"நிறுத்தாத. காலைல எத்தினி மணிக்கு வருவ?"

"ஆறே முக்காலுக்கு."

"உள்ள வந்ததும் அந்தப் பெட்டிய ஒரு தபா போட்டு அணைச்சுடு. வேற ஒண்ணும் நான் கேக்கல."

"சரி நைனா" என்றான். சிரித்தானா, சலித்துக்கொண்டானா என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சரசா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சரசா வைத்த காபி ஆறிப்போனது. ஆறே முக்கால் ஆயிற்று, ஏழும் ஆயிற்று. ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ஏழு பத்துக்குப் பச்சை எரிந்தது. எரிந்தது அணையவில்லை. அப்படியே நின்றது.

"வந்துட்டான்டி!"

சரசா கரண்டியோடு வந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"யாரு? நம்ம புள்ளையா, அந்தப் புள்ளையா?"

எனக்குத் தெரியவில்லை. திட்டினால் திட்டட்டும் என்று போனை எடுத்தேன்.