பதினோராவது சுற்றில் லுகான்

அமெரிக்காவின் டொலீடோவில் அந்த வாரம் மூன்று முறை பனி கொட்டியது. பனி உருகச் சாலைக்கு உப்புத் தூவும் லாரியைப் பதினான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு, சனிக்கிழமை நண்பகல் நண்பன் டெனிஸ் வீட்டுக் கராஜுக்குள் நுழைந்தபோது கர்ட்டின் கண்கள் எரிந்துகொண்டிருந்தன. மற்ற ஒன்பது பேரும் மடக்கு நாற்காலிகளில் தயாராக இருந்தார்கள். வருடா வருடம் மார்ச் மாதம் கூடி, நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தங்கள் கற்பனை அணிகளுக்குப் பிரித்துக்கொள்ளும் கூட்டம் அது. மைதானத்தில் அவர்கள் அடித்தால் இவர்களுக்குப் புள்ளி.

மூலையில் ரோசான், கர்ட்டின் முன்னாள் மனைவி. விவாகரத்தாகி நான்கு வருடம். வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள், நாயை அவள் எடுத்துக்கொண்டாள். இந்தக் கற்பனை லீக்கை மட்டும் இருவருமே விடவில்லை.

கர்ட்டின் மனதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. டேரியோ லுகான், வயது இருபத்து மூன்று. போன வருடச் சராசரி ஆயிரத்துக்கு இருநூற்றுப் பதினெட்டு, படுமோசம். எந்தப் பட்டியலிலும் முதல் இருநூறு பேரில் அவன் இல்லை. ஆனால் லாரியில் உப்பு ஏற்றும் வரை காத்திருந்த நேரமெல்லாம் கர்ட் அவனுடைய போன வருட ஆட்டங்களைப் போனில் பார்த்திருந்தான். ஜூனில் பந்து பட்டு மணிக்கட்டு வீங்கியது. சராசரி சரிந்தது அதற்குப் பிறகுதான். செப்டம்பரில் கட்டு அவிழ்ந்ததும் பந்து மட்டையிலிருந்து பழையபடி சீறியது. வெளியே விலகும் மோசமான பந்துகளுக்குக் கையை நீட்டுவதையும் நிறுத்தியிருந்தான். அடித்ததெல்லாம் நேராக எதிரணியில் யாரோ ஒருவர் கையுறைக்குள் போய் விழுந்தது, அவ்வளவுதான்.

பதினோராவது சுற்றில் கர்ட் வாயைத் திறந்தான்.

"லுகான்."

"யாரு? அந்த இருநூத்துப் பதினெட்டா?" டெனிஸ் பீன்ஸ் சில்லிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "டேய், தூங்கி எந்திரிச்சு வந்து சொல்லுடா!"

கராஜே சிரித்தது. ரோசான் சிரிக்கவில்லை. தன் தாளில் ஒரு பெயரை அடித்தாள்.

"அடுத்த சுத்துல எடுக்கலாம்னு இருந்தேன்," என்றாள்.

ஏப்ரலில் லுகான் முப்பத்தெட்டு முறை மட்டை பிடித்து ஐந்தே முறை பந்தை அடித்து ஓடி முதல் தளத்தைத் தொட்டான். கர்ட் பொறுத்தான். பனி நின்று, சாலைப் பள்ளம் நிரப்பும் வேலை தொடங்கியது. முதுகு பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் போனைத் திறந்தால் லுகானுக்கு நேரே சைபர். ஓர் ஆட்டத்தில் நான்கு பந்துகளை முரட்டுத்தனமாக அடித்தும் நான்கும் பிடிபட்டன. அவனைப் பற்றிய தன் கணிப்பு சரிதான் என்று கர்ட்டுக்குத் தெரியும். தெரிந்தும், மே இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தார் வண்டியில் சாய்ந்தபடி, லுகானைத் தன் அணியிலிருந்து கழற்றிவிட்டான்.

மறுநாளே ரோசான் அவனைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டாள். ஜூனில் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பி ஒன்பது ஹோம்ரன். ஆகஸ்ட் முடிவதற்குள் இருபத்தாறு. லீக்கில் ரோசான் இரண்டாம் இடத்துக்கு ஏறினாள், கர்ட் எட்டாவது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம் அவளே போன் செய்தாள்.

"ஒண்ணு கேக்கணும். அவனைக் கண்டுபிடிச்சதே நீதான். அப்புறம் ஏன் விட்ட?"

கர்ட் சோபாவில் படுத்திருந்தான். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"அலுத்துப் போச்சு ரோசான். சரியா வரும்னு தெரியும். ஆனா தினமும் காத்துக்கிட்டு இருக்க முடியல."

அந்தப் பக்கம் நாய் ஒருமுறை குரைத்தது.

"நீ அவனை நல்லா பாத்துக்கிட்ட," என்றான் கர்ட்.

"நான் எதுவும் பண்ணல கர்ட். விடாம வச்சிருந்தேன், அவ்வளவுதான்." பிறகு, "டிவி போட்டிருக்கியா? இப்ப வரான்."

ரிமோட்டைத் துழாவி எடுத்தான். லுகான் மட்டையோடு நின்றான். வெளியே விலகிய நான்கு பந்துகளையும் சும்மா பார்த்துவிட்டு, மட்டையைக் கீழே போட்டு, அதற்கு விதிப்படி இலவசமாகக் கிடைக்கும் முதல் தளத்துக்கு நடந்தான்.

"கண்ணு நல்லா இருக்கு அவனுக்கு," என்றான் கர்ட்.

"ம்," என்றாள் ரோசான். இருவரும் போனை வைக்காமல் அடுத்தவன் மட்டை பிடிப்பதைப் பார்த்தார்கள்.