பவிதரன் மறைத்துச் செய்தவை

பவிதரன் தன் மனைவி ஜெசிந்தாவைக் கன்னத்தில் அறைந்த அதே நிமிடத்தில், மூன்று வீடு தள்ளி விளையாடிக்கொண்டிருந்த அவனுடைய ஏழு வயது மகள் தர்சிகாவின் கை தானாக எழுந்து, கூட்டாளி பஸ்லியாவின் கன்னத்தில் விழுந்தது. கல்முனையில் தமிழர் வீடுகள் முடிந்து முஸ்லிம் வீடுகள் தொடங்கும் ஒழுங்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் சோறு தின்ற பிறகு இது நடந்தது. பஸ்லியாவின் உம்மா ஜுனைதா ஓடிவந்து பார்த்தபோது, அடி வாங்கிய பிள்ளையைவிட அடித்த பிள்ளைதான் பெரிதாக அழுதுகொண்டிருந்தது. "மாமி, நான் அடிக்கல்ல, கைதான் அடிச்சிட்டு" என்றது. நியாயம் கேட்கப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன ஜுனைதா, வாசலில் நின்ற ஜெசிந்தாவின் கன்னத்தில் நாலு விரல் பதிந்திருப்பதைக் கண்டாள். தன் மகளின் கன்னத்தில் இருந்ததும் அதே நாலு விரல்தான், அளவில் மட்டும் சிறியது. ஜுனைதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அஸர் தொழுகைக்கு முன்னமே ஒழுங்கை முழுவதும் விசயம் தெரிந்துவிட்டது.

பவிதரனைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. ஆட்டோ ஓட்டினான், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கினான், நல்ல குரல். அந்த வருடம் போதகர் ஒரு தாள் அடித்து, பிள்ளைகளுக்கு முன்பாகக் குடிக்க மாட்டேன், தூஷணம் பேச மாட்டேன், கை நீட்ட மாட்டேன் என்று பெற்றோரிடம் ஒப்பம் வாங்கினார். முதல் ஒப்பம் பவிதரனுடையது. எழுதியிருந்ததை அவன் ஒரு எழுத்துப் பிசகாமல் காத்தான். போத்தலைத் திறக்குமுன் மகளை ஜுனைதா வீட்டுக்கு அனுப்பினான். சண்டை வருமென்று தெரிந்தாலும் அனுப்பினான். சபையில் ஒப்பம் வைத்த மற்ற ஆண்களும் அப்படித்தான் செய்தார்கள். அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஒழுங்கை நிறையப் பிள்ளைகளாக இருந்தது.

மகளின் கைகளுடைய கணக்கு என்னவென்று பிடிபட ஒரு மாதம் சென்றது. தகப்பன் அவள் கண் காணச் செய்த எதையும் அந்தக் கைகள் செய்யவில்லை. ஆட்டோ ஓட்டுவது அவன் அவளுக்கு ஒளிக்காத வேலை, அதையும் செய்யவில்லை. அவளுக்கு ஒளித்துச் செய்ததை மட்டும் செய்தன. சவளக்கடைப் பக்கம் கள்ளச்சாராயம் விற்கும் செல்லத்தம்பியின் கொட்டிலில் அவன் கசிப்புக் கிளாசைத் தூக்கினால், வகுப்பில் அவளுடைய வெறுங்கை வாயருகே போய்க் கவிழ்ந்தது. ஞாயிறு பள்ளி ஜெபத்தின் நடுவிலும் ஒருநாள் போனது. போதகர் வீடு தேடி வந்தார். "புள்ளைக்கு முன்னால ஒரு சொட்டும் குடிச்சதில்ல ஐயா, சத்தியமா" என்றான் பவிதரன். போதகர், தாளை அடித்தது தான்தான் என்றும், 'பிள்ளைகளுக்கு முன்பாக' என்ற சொல்லைப் போட்டதும் தான்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவியை அடிப்பதை அன்றோடு விட்டான். அது கையிலிருந்த குணம், விட முடிந்தது. குடி அப்படி இல்லை. வைராக்கியம் ஒன்பது நாள் இருக்கும், பத்தாம் நாள் உடம்பு முழுக்கத் தீப்பிடிக்கும். ஒருமுறை வெறியில், இந்தக் கையே வேண்டாமென்று கொல்லைக்குள் கத்தியோடு போனான். குசினிக்குள் ஜெசிந்தா போட்ட கூச்சலில் அவன் கையிலிருந்த கத்தி விழுந்தது. அங்கே மகள் அந்த நிமிடம் மட்டும் இடது கையில் கத்தியும் மரக்கறிப் பலகையில் வலது கையுமாக நின்றிருந்தாள். அன்று அவன் அழுத அழுகை பாலமுனை வரைக்கும் கேட்டது என்பார்கள். கேட்டதோ இல்லையோ, பெற்ற பிள்ளையின் கையைத் தன் தோளில் சுமந்து திரிகிறவன் வேறு எப்படி அழுவான்?

மறுநாளிலிருந்து அவன் பாடசாலை மதிலருகே, அவளுடைய யன்னலுக்கு நேரே, ஆட்டோவை நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவள் பார்வையில் இருக்கும் மட்டும் அவளுடைய கை அவளுடையது. பார்வையில் இருந்துகொண்டு குடிக்க அவனால் முடியவில்லை. போத்தலை எடுத்தால் அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். இப்படி எட்டு வருடம் போனது. பாடசாலை அதிபர்கள் மூன்று பேர் மாறினார்கள்; புதிதாக வருகிறவரிடம் பழையவர் அறைகளின் திறப்புக் கோர்வையையும் ஒப்படைத்து, அந்த ஆட்டோவைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் இடைக்கிடை அவன் தப்பி ஓடினான். அந்த நாட்களில் அவளுடைய கொப்பிகளில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

சாதாரண தரப் பரீட்சைக்கு வெளியாட்கள் வளவுக்குள் வரக்கூடாது, யன்னலும் வேறு பக்கம். கணிதப் பரீட்சையன்று காலை தர்சிகா தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "அப்பா, மூண்டு மணித்தியாலம். அதுக்குப் பொறகு நீங்க என்னண்டாலும் செய்யுங்க. நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

"ஓம் மகள்" என்றான் பவிதரன்.

கணிதம் தவறினால் அவளுக்கு மேலே படிக்க வழியில்லை என்பது அவனுக்குத் தெரியும். மதிலுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தி, கைகளைக் கம்பியோடு கட்டச் சொல்லிக் கிழித்த சாரத் துண்டை ஜெசிந்தாவிடம் கொடுத்தான். அவளும் கட்டினாள். முக்கால் மணித்தியாலம் இருந்தான். பிறகு பல்லால் முடிச்சை அவிழ்த்தான். மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டிப் போகும்போது கர்த்தரே, கர்த்தரே என்று சொல்லிக்கொண்டே போனான், ஆனால் ஆட்டோவைத் திருப்பவில்லை.

செல்லத்தம்பி கிளாசை வைத்தார். பவிதரன் கையை நீட்டினான். கை கிளாசுக்குப் போகவில்லை. விரல்கள் ஒன்றுகூடி, பேனை பிடிப்பதுபோல் மடங்கி, கிளாசைத் தட்டிக் கவிழ்த்தன. கொட்டிய கசிப்பில் சுட்டுவிரலைத் தோய்த்து, கை எழுதத் தொடங்கியது. இடது கை, தாள் நழுவாமல் பிடிப்பதுபோல் மேசையில் பரவியது. அவன் முழு மூச்சோடு இழுத்தான். மறுபக்கத்தில் யாரோ அதைவிட மூர்க்கமாகப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்பதுபோல் எழுதினார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் அவன். ஒரு முக்கோணி வந்தது, அதற்குள் சமாந்தரக் கோடு வந்தது, கீழே நிறுவல் வரிவரியாக வந்தது. தாகத்தில் அவன் நாக்கு வறண்டு, கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

"தம்பி, இது என்ன பாடம்?" என்று கேட்டார் செல்லத்தம்பி.

"கணக்கு."

"எத்தின மணி மட்டும்?"

"பதினொண்டரை."

செல்லத்தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து விரலுக்குப் பக்கத்தில் வைத்தார். மேசை நிரம்பும்போதெல்லாம் துணியால் துடைத்து எழுத இடம் விட்டார்.