சிவப்புப் பூட்டு

காயில்காரி ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி அழுத்திப் பார்த்தாள். காற்று எங்கும் கசியவில்லை. கையில் மாட்டிக்கொண்டு மின்சார பஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் வளையத்தில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டாள். சாவியைச் சட்டைப் பைக்குள் விட்டுப் பொத்தானையும் மாட்டினாள். பிறகுதான் வண்டிக்குக் கீழே இருந்த ரிப்பேர் குழிக்குள் இறங்கினாள்.

பஸ்ஸுக்கு அடியில் புகை மாமா முன்பே போய் நின்றிருந்தார்.

"உங்க பூட்டு எங்க மாமா?"

"சாப்பாட்டுப் பையில. உன்னுதுதான் தொங்குதே, போதாதா?"

"ஆளுக்கு ஒண்ணு. வகுப்புல மேடம் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாங்களே."

"எனக்கு எங்க கேட்டுச்சு?" அவர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "வண்டி தூங்குதும்மா. ஒரு சத்தம் இருக்கா பாரு."

மீசை முளைத்த நாளிலிருந்து டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். அது அவருக்குப் பட்டப்பெயரைக் கொடுத்துவிட்டுக் காதைப் பாதி தின்றுவிட்டது. சத்தம் நின்றால் வண்டி நின்றது என்பது அவர் உடம்பில் ஊறிப்போன பாடம். இந்த வண்டியோ கரண்ட் ஓடும்போதும் ஊமை, ஓடாதபோதும் ஊமை. கரண்ட் பஸ் ரிப்பேர் கற்றுத்தரும் மாலை வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. படித்து முடித்து, இந்த டிப்போவில் பயிற்சியும் தேறினால் இங்கேயே வேலை. தேறியதாகச் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர்.

அவள் கணவனின் மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் சுற்றியவள். "நீ படிக்கப் போனதுலேர்ந்து வீட்டு மிக்ஸியே உன்னப் பாத்தா எந்திரிச்சு நிக்குது" என்று அவன் கேலி செய்வான். கேலி செய்துகொண்டே சமைத்தும் வைப்பான். டிப்போவின் பின்சுவரை ஒட்டித்தான் அவர்கள் வீடு. டீசல் பஸ் புகையில், கொடியில் காயும் துணியில் கரி படியும், மறுபடி அலச வேண்டும். மகளின் நெஞ்சுக்குள் படிந்ததை எதைக் கொண்டு அலசுவது? மகள் மூச்சிளைப்பு வந்து உட்கார்ந்தே தூங்கிய நாளில்தான் காயில்காரி இந்தப் படிப்பில் சேர்ந்தாள். அந்தப் புகையைத் தன் கையாலேயே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

மோட்டாருக்குப் போகும் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று விரிந்திருந்தது.

"ஸ்டோர்ல வேற வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள மேல போய் உங்க பூட்டப் போடுங்க."

"சரி சரி" என்றார் மாமா, கேபிள் தலையைக் கையில் பிடித்தபடியே.

அவள் கிளாம்போடு திரும்பியபோது சூப்பர்வைசர் சுவிட்சுக்கு எதிரே நின்றிருந்தார். வாசலில் வேறொரு பஸ் மக்கர் செய்துவிட்டது. டிரைவர்கள் கூடி நின்றார்கள். வளையத்தில் அவளுடைய பூட்டு மட்டும் தொங்கியது.

"பூட்ட எடும்மா. அதுக்குப் பதிலா இந்த வண்டி உடனே போகணும்."

"மாமா குழியில இருக்காரு சார். கேபிளப் பிடிச்சிட்டிருக்காரு."

சூப்பர்வைசர் நின்ற இடத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வரவில்லை.

"அவருக்குக் காது கேக்காது சார். நான் இறங்கிக் கூட்டிட்டு வரேன்."

"நீ நில்லு. ஆளுக்கொரு பூட்டுதானே உங்க படிப்பு? இருக்கறது ஒண்ணு, உன்னுது. நீ வெளிய நிக்கிற. அப்ப உள்ள யாரும் இல்ல. சாவியக் குடு."

அவள் பொத்தான் மாட்டிய பையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"குடுக்க முடியாது சார்."

"உனக்கு இங்க வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். அவர் மேல வரட்டும், குடுக்கறேன்."

அவர் பூட்டு வெட்டும் கத்தரியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு டிரைவர் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். அவள் பூட்டை இரண்டு கையாலும் மூடிப் பிடித்தாள். கையை எடுக்கவில்லை.

"பாத்துட்டே நிக்கிறீங்களே, யாராவது குழியில எட்டிப் பாருங்க" என்றாள் டிரைவர்களிடம்.

ஒருவர் நகர்வதற்குள் குழிப் படியில் ஒரு நரைத்த தலை எழுந்தது.

"கிளாம்ப் செய்யப் போய்ட்டியா, வாங்கப் போனியா?" என்ற மாமா, கத்தரியையும் அவள் கையையும் பார்த்தார். மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசர் டிரைவர்களை விரட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

பயிற்சி முடிந்த வாரம் கல்லூரியில் மேடம் அவளைத் தனியாக அழைத்தார். மேலதிகாரி சொல் கேட்கவில்லை, அவளால் வண்டி தாமதம் என்று டிப்போவிலிருந்து சொல்லியிருந்தார்கள். பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். மாமா தேறிவிட்டார். பூட்டுப் போடாததற்காக அவரைப் பிடித்தால், குழிக்குள் ஆள் இருந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். டிப்போவின் பேச்சுப்படி அன்று குழிக்குள் யாருமே இல்லை.

"நான் போய்ச் சொல்றேன், உள்ள இருந்தது நான்தான்னு" என்றார் மாமா. கல்லூரி வாசலில் அவளுக்காகக் காத்து நின்றிருந்தார்.

"சொன்னா உங்களையும் வெளிய தள்ளுவாங்க, அவ்வளவுதான். உள்ள நம்ம ஆளு ஒருத்தர் வேணும் மாமா. போங்க. ஆனா பூட்ட சோத்துப் பையில வச்சீங்க, உங்களச் சும்மா விடமாட்டேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பூட்டை எடுத்து இடுப்புப் பட்டையில் மாட்டினார்.

அடுத்த பயிற்சி தொடங்கும் நாளில், துவைத்த சீருடையைக் கொடியிலிருந்து உருவிப் போட்டுக்கொண்டாள். அதில் கரி இல்லை. மகள் வாசல்வரை ஓடிவந்து வழியனுப்பினாள், இரைக்காமல்.

டிப்போ வாசலில் புதிதாக ஒரு பெரிய பேனர் ஏறியிருந்தது. முதல் பயிற்சியின் முதல் நாள், பஸ் கம்பெனிக்காரர்கள் அவளைச் சிரிக்கச் சொல்லி எடுத்த படம். சுவிட்சில் சிவப்புப் பூட்டைப் போடும் அவள் கை, ஆள் உயரத்துக்கு. கீழே, ‘உங்கள் உயிர், எங்கள் பொறுப்பு’.

"உன் பேர் இன்னும் உள்ளேர்ந்து வரலம்மா" என்றார் வாட்ச்மேன். "சூப்பர்வைசர் சொல்லாம விட முடியாது. ஓரமா நில்லு."

"நிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்."

கேட் திறந்து ஒரு பஸ் சத்தமில்லாமல் வெளியே போனது. கேட் மறுபடி மூடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் என்று இருந்தது அந்தப் பேனருக்கு அடியில் மட்டும்தான். அவள் தன் பூட்டின் சாவியைச் சட்டைப் பைக்குள் விட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, அங்கே போய் நின்றாள்.