உத்தரக்கல்லை ஏற்றியது யார்

கரட்டு மேல் மாரியம்மன் கோயிலில் டியூப்லைட்டுக்குக்கூடப் பேர் உண்டு. உபயம், உபயம் என்று எழுதி எழுதி வெளிச்சமே கீழே இறங்காது. ஆனால் மழையில் சரிந்த முன்மண்டபத்து உத்தரக்கல்லை, கிரேன் ஏறாத பாதையில், மண்மேடு போட்டு, உருளைக்கட்டையும் கடப்பாரையுமாக எட்டே ஆட்களோடு திரும்ப ஏற்றிய கல்தச்சன் சென்றாயன், ஒரு மூலையில் தன் பேரை வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு தர்மகர்த்தா கைலாசம் சிரித்துவிட்டார். கூலி வாங்கினவனுக்கு எதற்குப் பேர் என்றார். அந்தச் சிரிப்பு ஒரு மாதமாகச் சென்றாயன் நெஞ்சிலேயே கிடந்தது.

அப்புறம் ஒருநாள், இவ்வளவு பெரிய கல்லை இந்தக் கரட்டு மேல் ஏற்றியது யார் என்று நேரலை விவாதத்துக்கு இரண்டு மேதைகள் வந்தார்கள். யூடியூப் மருதாசலம் வேற்றுக்கிரகத்தார் கட்சி. ரிட்டயர்டு பேராசிரியர் குருமூர்த்தி, மந்திர ஒலியால் கல்லை மிதக்கவிட்ட கட்சி. மனுசனால் மட்டும் ஆகவே ஆகாது என்பதில் இரண்டு பேரும் அண்ணன் தம்பி. சாந்து இறுகும்வரை கல்லைத் தாங்கச் சென்றாயன் நிறுத்தியிருந்த பனங்கட்டை வீடியோவில் அசிங்கமாகத் தெரிகிறதென்று, அதற்கு மாலை சுற்றச் சொன்னான் மருதாசலம். கண்ணு எதுக்குத்தான் இருக்குதோ!

சென்றாயன் பொறுக்கமாட்டாமல் முன்னால் போய், போன மாசம் நாங்கள்தான் ஏற்றினோம் என்றான். ஆதாரம் கேட்டார்கள். கல்லில் உன் பேர் இருக்கிறதா என்றார் குருமூர்த்தி. பிறகு கைலாசத்திடம் மைக்கை நீட்டினார்கள். அவர் கேமராவைப் பார்த்தார், கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்தார். சித்தர் காலத்திலிருந்து அசையாத கல், மனுசக் கையே படவில்லை என்று கூசாமல் சொன்னார்.

சென்றாயனுக்குக் காதெல்லாம் எரிந்தது. மாலையை உருவி ஓரமாக வைத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தான்.

"ஆகாசத்துல இருந்து வந்து ஏத்துனா நம்புவீங்க, அடுத்த தெருக்காரன் ஏத்துனா நம்ப மாட்டீங்க. கட்டையத் தட்டியுடறனுங்க. ஏத்துனவனே வந்து புடிச்சுக்கட்டும்."

வேற்றுக்கிரகக் கட்சி பாதிக் கரட்டைத் தாண்டிவிட்டது. மந்திரக் கட்சிக்கு ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை, செருப்பைக்கூட மறந்து ஓடியது. கைலாசம் மட்டும் கால் நகராமல், ஓடிக்கொண்டிருந்த கேமரா முன்னால் அலறினார்.

"அவந்தானுங்க ஏத்துனான்! சென்றாயந்தானுங்க!"

சென்றாயன் கட்டையை ஒரே தட்டில் தட்டி எடுத்தான். கல் அசையவில்லை. சாந்து இறுகி நாலு நாள் ஆகிவிட்டது. அன்றைக்கு அவன் கரடு ஏறி வந்ததே கட்டையை எடுத்துப்போகத்தான்.

பிறகு ஏணியைச் சாத்தி, உளியோடு மேலே ஏறினான். ஆதாரம் கேட்டார்களே.