கோழிகளுக்குப் போன இரட்டைக் கதவு

என் வீட்டுக்காரர் வூகாஷின் டிசம்பர் பனியில் தொப்பியில்லாமல் திரிவார். வீட்டுக்குள் வரும் குறுக்குக் காற்றுதான் அவருக்கு ஆகாது. பான்செவோவில் பாதி ஊருக்கு அந்தப் பயம் உண்டு. பல்வலி, முதுகுவலி, கழுத்துச் சுளுக்கு எல்லாவற்றுக்கும் பழி அதன் தலையில்தான். ஆனால் அதற்காகச் சொந்த வீட்டின் கதவுகளைப் பிடுங்கி எறிந்த அறிவாளி இவர் ஒருவர்தான்.

மாமனார் ஸ்ரேத்தென் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் அது. போவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: குடும்பப் புனிதர் நிக்கோலாஸின் நாளில், ரொட்டி வெட்டும் கத்தியை இந்த வருஷம் மகனிடம் கொடுத்துவிடுவார். கத்தி யார் கையிலோ, அவர்தான் அன்றிலிருந்து வீட்டின் தலைவர். மீசை நரைக்கும்வரை அதற்காகக் காத்திருந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா திரும்புவதற்குள் வீட்டையே புதுசாக்கப் போகிறாராம்.

அறைகளுக்கு நடுவே அகலமான இரட்டைக் கதவுகள் இருந்தன, பூ வெட்டிய கண்ணாடி வைத்தவை. அவற்றைக் கழற்றி, பக்கத்து வீட்டு க்வோஸ்தெனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தார். அந்த இடத்தில் பாதியைப் பலகை வைத்து அடைத்துப் பூசி, மீதியில் ஒல்லியான வெள்ளைக் கதவுகளை மாட்டினார்.

"மாமா சக்கர நாற்காலியில வரப் போறாருங்க. இதுல நுழையுமா?" என்றேன்.

"வழி சின்னதா இருந்தா காத்தும் கம்மியா வரும். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று வயிற்றை எக்கிக்கொண்டு தானே உள்ளே போய் வெளியே வந்தார். "பாரு, எப்படிப் போகுது!"

அதுதான் அவர் எடுத்த அளவு. என்ன சொல்லி என்ன, செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

புனிதர் நாளுக்கு முந்தைய மாலை ஆஸ்பத்திரி ஆட்கள் மாமாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து அவர் அறையில் கிடத்திவிட்டுப் போனார்கள். மடித்து வந்த நாற்காலியை உள்ளேயே விரித்து வைத்தோம். மறுநாள் நல்ல கோட்டு மாட்டி, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அறை வாசலின் புது நிலையில் நாற்காலி டங்கென்று இடித்து நின்றது.

கூடத்தில் புனிதர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிகிறது. மேஜையில் ரொட்டி, மீன், அவித்த கோதுமை. இந்த நாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைப்போம், வருகிறவர்கள் வருவார்கள். அப்படி வந்த கூட்டம் முழுக்க, தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்ட கிழவரை வேடிக்கை பார்த்தது.

"அப்பா, நான் தூக்கிட்டு வரேன்," என்றார் இவர்.

"கைய வச்ச, பல்லு எகிறிடும். நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?"

க்வோஸ்தெனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஸ்ரேத்தென் அண்ணே, உங்க பழைய கதவு எங்க கோழிக்கூட்டுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு. ஜோடி ஜோடியா நடந்து போகுதுங்க, கல்யாணத்துக்குப் போற மாதிரி!"

மாமா முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் தன் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கதவு அது.

"சுத்தியல எடுத்துட்டு வாடா."

"இன்னிக்கா? புனிதர் நாள்ல ஆணி அடிச்சாலே பாவம்ப்பா!"

"அடிக்க வேணாம். உடை."

வேறு வழியில்லை. விருந்தாளிகள் கையில் ரக்கியாச் சாராயக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருக்க, பண்டிகைச் சட்டையோடு இவர் தான் பூசிய சுவரையும் மாட்டிய நிலையையும் தானே பெயர்த்தார். பலகை விழுந்ததும் வீடு முழுக்கக் குறுக்குக் காற்று அடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்புத் தூசியில்தான் எல்லோரும் இருமினார்கள்.

இடிபாட்டின் மேல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மாமா படத்துக்கு முன்னால் வந்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கத்தியை எடுத்து ரொட்டியை வெட்டினார். தலையெல்லாம் வெள்ளையாக என் வீட்டுக்காரர் கையை நீட்டியபடி பக்கத்தில் நின்றார். மாமா கத்தியை நிதானமாகத் துடைத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷம் பாப்போம். முதல்ல போய் என் கதவைக் கொண்டா."

"அப்ப என் கோழிங்க?" என்றார் க்வோஸ்தென்.

"இவன் வாங்கின கதவை மாட்டிக்க. பாவம், கோழிங்களுக்குக் குறுக்குக் காத்து ஆகாதில்ல."